சினிமா, சீரிஸ், கிரிக்கெட் எதையும் விடாமல் எடையைக் குறைக்க முடியுமா?

கேள்வி இதுதான். கோவையில் மென்பொருள் வேலை, வயது 34, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று மாதத்தில் மச்சினன் கல்யாணம், அதற்குள் 15 கிலோ குறைக்க வேண்டும். ஒரு படத்துக்காக ஹீரோக்கள் குறைக்கிறார்களே, நம்மால் ஏன் முடியாது? ராத்திரி வெப் சீரிஸ், சீசன் வந்தால் ஐபிஎல், மாதம் இரண்டு படம் தியேட்டரில். இதையெல்லாம் நிறுத்தினால்தான் இளைக்க முடியும் என்கிறார்கள் வீட்டில். சோற்றை அடியோடு விடச் சொல்கிறார் நண்பர். நடைப்பயிற்சி மூன்றே நாளில் சலித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை, அதனால் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு வடிவம் அடிக்கடி என்னிடம் வரும். சுருக்கமாகச் சொன்னால், படத்தையும் மேட்ச்சையும் விட வேண்டாம். அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை விடுங்கள். எடையைப் பொறுத்தவரை உங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். சோறு, நடை எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

முதலில் அந்த 15 கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 15 கிலோவுக்கு 1,15,500. தொண்ணூறு நாளில் என்றால் தினம் 1,280 கலோரி சொச்சம். உங்கள் வயது, உயரம், எடை, உட்கார்ந்து பார்க்கும் வேலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 2,300 கலோரி வாக்கில் செலவாகும். கழித்தால் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு டிபன், இரண்டு காபி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பீர்கள். இரண்டாவது வாரம் தலைசுற்றல், மூன்றாவது வாரம் பிரியாணி.

ஹீரோக்கள் எப்படிச் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு அது வேலை. 2016-ல் வந்த 'தங்கல்' படத்துக்காக ஆமிர் கான் 97 கிலோ வரை எடை ஏற்றினார். வயதான காட்சிகளை முதலில் எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் ஐந்து மாதம் போல உடம்பைக் குறைத்து இளமைக் காட்சிகளில் நடித்தார். அந்த ஐந்து மாதமும் அவருக்கு வேறு வேலை இல்லை. பயிற்சியாளர், உணவு நிபுணர் என்று கூடவே ஒரு கூட்டம் இருந்தது. உங்களுக்கு ஒன்பது மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கிறது.

திரையில் தெரியும் வயிற்றுக் கட்டு எல்லா நாளும் அப்படியே இருப்பதும் இல்லை. ஹாலிவுட் நடிகர் ஹென்றி கேவில் 2019-ல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் வெளிப்படையாகவே சொன்னார்: சட்டையில்லாத காட்சிக்கு முன் மூன்று நாளாகத் தண்ணீரைக் குறைத்து, கடைசி நாளில் குடிக்காமலே இருப்பாராம். தோல் ஒட்டி, தசை எடுப்பாகத் தெரிவதற்காக. அது கேமராவுக்கான ஏற்பாடு, உடல்நலத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

வேகமாக இளைத்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான். எடை குறைப்பையே போட்டியாக நடத்திய அமெரிக்க டிவி நிகழ்ச்சி 'தி பிக்கஸ்ட் லூசர்'. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், ஆறு வருடத்தில் 41 கிலோவைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரி அவர்களுக்கு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 வாக்கில் குறைவாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும்!

உங்களுக்கு நான் சொல்லும் இலக்கு மூன்று மாதத்தில் 5, 6 கிலோ. வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தினம் 500 கலோரி குறைந்தால் போதும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் தொங்கிவிடும். ஆனால் 84 கிலோவில் 6 கிலோ என்பது 7 சதவீதம். அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு (2002) தன் பங்கேற்பாளர்களுக்கு வைத்த இலக்கும் அதே 7 சதவீதம்தான், கூடவே வாரம் 150 நிமிட நடை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் நோயாளிகளாக மாறுவது அதனால் 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய ஆய்விலும் (2006) உணவு, நடை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. அளவு வேறு, திசை ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் அக்கறையாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 29.8. மேலைநாட்டு அளவில் 'அதிக எடை'. நமக்கான அளவில் 23-க்கு மேலே போனாலே அதிக எடை, 25-ஐத் தொட்டாலே உடல் பருமன். ஏன் இந்த ஓரவஞ்சனை என்றால், 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு புகைப்படத்தைச் சொல்வேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நமக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் எடை மெஷினோடு ஒரு இஞ்சு டேப்பும் வாங்கி வையுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். (எல்லோரும் இழுத்துப் பிடிப்பார்கள்.)

இப்போது திரைக்கு வருவோம். உங்களைப் போன்றவர்களின் மாலைப் பொழுது எனக்கு மனப்பாடம். ஆறு மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே பேக்கரியில் டீ, ஒரு பஃப்ஸ் அல்லது தேங்காய் பன். வீட்டுக்கு வந்ததும் டிவி. மிக்சர் டப்பா மடிக்கு வரும். மூடியைத் திறந்தபோது முக்கால் டப்பா, பவர்பிளே முடிகிறபோது கால் டப்பா. வேர்க்கடலையைத் தேடித் தேடி எடுத்ததுகூட ஞாபகம் இருக்காது. மிக்சர் நூறு கிராம் ஐந்நூறு கலோரிக்கு மேலே. நான் குறைக்கச் சொன்ன ஐந்நூறு அங்கேயே இருக்கிறது. அப்புறம் ஒன்பதரைக்கு நான்கு தோசை, பொடி. பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அது ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. தோசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் பசி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தியேட்டருக்கு வந்தவர்களிடம் ஆளுக்கொரு பாப்கார்ன் பொட்டலம் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது, சிலருக்கு ஏழு நாள் பழையது, நமுத்துப்போனது. தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள் நமுத்ததையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள், அது நன்றாக இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தும். அதே ஆட்களைப் போன்றவர்களை ஒரு மீட்டிங் அறையில் உட்கார வைத்து இசை வீடியோ போட்டுக் காட்டினால், பழைய பாப்கார்னை ஒதுக்கிவிட்டார்கள். இருட்டு, பெரிய திரை, நாற்காலி எல்லாம் சேர்ந்துதான் கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. சோதனையின் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழக்கமான கையை விட்டு மற்றக் கையால் சாப்பிடச் சொன்னார்கள். தியேட்டரிலேயே அந்தப் பழக்கம் உடைந்தது. நமுத்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. கவனம் வேறு எங்கோ இருக்கும்போது சாப்பிடுவதைப் பற்றிய இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. அந்த நேரத்தில் கூடுதலாகச் சாப்பிடுவது ஒரு பக்கம். அதைவிட, அடுத்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம். சாப்பிட்ட நினைவே சரியாகப் பதியாததால் வயிறு மறுபடி கேட்கிறது. மிக்சருக்கு அப்புறமும் நான்கு தோசை உள்ளே போனதன் ரகசியம் இதுதான்.

அதனால் வீட்டுக்கு ஒரே ஒரு விதி: டிவி இருக்கும் அறையில் சாப்பாடு இல்லை, சாப்பிடும் இடத்தில் போன் இல்லை. டீ, மோர், தண்ணீருக்கு விலக்கு. மிக்சர் வேண்டுமா, சாப்பிடுங்கள். சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, சமையலறையிலேயே உட்கார்ந்து, மிக்சரை மட்டும் கவனித்துச் சாப்பிடுங்கள். பாதியிலேயே அலுத்துவிடும், பாருங்கள்.

ஐபிஎல் நாட்களில் இன்னும் சுலபம். ஏழரைக்கு ஆட்டம் தொடங்கினால் ஒன்பதேகால் வாக்கில் முதல் இன்னிங்ஸ் முடியும். நடுவில் இருபது நிமிட இடைவெளி. அதில் விளம்பரமும், முன்னாள் வீரர்களின் ஆருடமும்தான். அந்த இருபது நிமிடத்தில் இரவு டிபனை மேசையில் முடித்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முன்பே முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ராடஜிக் டைம்-அவுட் இன்னிங்ஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். எழுந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். பெரிய கலோரி ஒன்றும் போகாது. நான்கு மணி நேரம் ஒரே குஷனில் அமர்ந்திருப்பதாவது உடையும்.

தியேட்டருக்குப் போவதை எடை காரணமாக நிறுத்தாதீர்கள். மாதம் இரண்டு படத்தால் யாரும் குண்டாவதில்லை. ஆனால் நம் படத்துக்கு இடைவேளை உண்டு, அதுதான் சிக்கல். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேண்டீன் வரிசையில் நின்றுவிடுவோம். பாப்கார்ன் சும்மா பொரித்தால் ஒன்றும் மோசமில்லை, முப்பது கிராம் 115 கலோரிதான். வெண்ணெயும் கேரமலும் சேரும்போதுதான் எகிறும். உண்மையான எதிரி பக்கத்தில் வரும் கோலா. 330 மில்லியில் 35 கிராம் சர்க்கரை. நாள் முழுவதற்குமே சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், அது ஒரே கேனில் தாண்டிவிடுகிறது. போகும் முன் வீட்டில் சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இடைவேளையில் ஒரு சிறிய பாப்கார்னை இரண்டு பேர் பங்கு போட்டு, தண்ணீரோடு நிறுத்துங்கள். படம் விட்டதும் ரோட்டோரக் காளான் கடையில் நிற்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். கோவைக்காரரிடம் அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. பாப்கார்ன், காளான் இரண்டில் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப் சீரிஸ்தான் கொஞ்சம் கண்டிப்பு தேவைப்படும் இடம். அதில் வரும் கெடுதல் தீனியைவிடத் தூக்கத்தில்தான் அதிகம். அடுத்த எபிசோட் தானாக ஓடும் அமைப்பை செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறவருக்கு மறுநாள் பசி தாறுமாறாக இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிப் பழகிய, எடை கூடிய இளைஞர்களை இரண்டு வாரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே கூடியது. உணவைப் பற்றி ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. சாப்பாட்டில் தானாகவே தினம் 270 கலோரி குறைந்தது. உங்களுக்குத் தேவையான ஐந்நூறில் பாதிக்கு மேல், படுத்த படுக்கையில்!

சரி, சலிக்கும் நடை. பிடித்த கதையை நடையோடு கட்டிப்போடுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் இதைச் சோதித்திருக்கிறார் (2014). ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்க முடியும் என்று சுவாரசியமான நாவல்களின் ஒலிப்பதிவைப் பூட்டி வைத்தார். அப்படிப் பூட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிடத் தொடக்கத்தில் 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். நவம்பர் விடுமுறை வந்ததும் அந்த வேகம் படுத்துவிட்டது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நமக்கு அது தீபாவளி, பொங்கல். லீவு முடிந்த முதல் திங்கட்கிழமையே புதுக் கதையோடு மறுபடி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு.

நீங்கள் ஒரு த்ரில்லர் ஒலிநூலோ சினிமா பாட்காஸ்ட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ்கோர்ஸ் பாதையில் நடக்கும்போது மட்டும்தான் அதைக் கேட்க வேண்டும், காரில்கூடக் கூடாது. ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வாக்கில் வரும். இரண்டு சுற்று போனால் ஒரு மணி நேரம், உங்கள் எடைக்கு 250, 300 கலோரி. பாட்டுப் பிரியர் என்றால் இளையராஜா பாட்டு பத்து முடியும்வரை நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம், முக்கால் மணி நேரம் போனதே தெரியாது. பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்கக் கண்டுபிடித்த எண் அது. ஏழாயிரம் எட்டாயிரம் நடந்தாலே பலன் நன்றாகத் தெரியும். வாரம் இரண்டு நாள் மட்டும் பத்து நிமிடம் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். எடை குறையும்போது தசையும் சேர்ந்து போகாமல் இருக்க அது வேண்டும்.

சோற்று விஷயத்தில் உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் கிட்டத்தட்ட ஒரே கலோரி, 340 முதல் 350. சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி தின்றால் என்ன மிச்சம்? சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் உணவு முடிவுகள் 2025-ல் வந்தன. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறோம். வெள்ளையரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து அந்த இடத்தில் புரதம் வரும்போதுதான் குறைகிறது.

ஆகவே மதியம் சோறு இருக்கட்டும், மூன்று கரண்டி போடும் இடத்தில் ஒன்றரை. காலியான இடத்தில் பொரியலோ கூட்டோ இரண்டு மடங்கு. சாம்பாரைப் புரதம் என்று நினைத்து ஏமாறாதீர்கள், நம் சாம்பாரில் பருப்பை முங்கிக் குளித்துத்தான் தேட வேண்டும். கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, தயிர், முட்டை, மீன், தோலில்லாத கோழி இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம், வெந்த கொண்டைக்கடலை நூறு கிராமுக்கு 9 கிராம் போல. நாளைக்கு 70, 80 கிராம் வந்தால் உங்களுக்குப் போதும், ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கும் ஆசையும் அடங்கும்.

ஷேக் பவுடர், கொழுப்புக் கரைக்கும் டீ, பதினைந்து நாள் டீடாக்ஸ் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். இப்போது எல்லோரும் பேசும் ஊசி மருந்துகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றான செமாகுளுடைடு பற்றிய ஆய்வில் (2021) 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கல்யாணத்துக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல அது. உங்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில், கழிவறை போய் வந்து, காபிக்கு முன்னால் பாருங்கள். விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ கூடியிருந்தால் அது உப்பும் தண்ணீரும்தான். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீரே, ஆகையால் அதைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம். நான்கு வாரம் சேர்ந்தாற்போல் முள் அசையவில்லை என்றால் மட்டும் சோற்றளவையும் எண்ணெயையும் மறுபடி பாருங்கள்.

தொடங்கும் முன், இந்த வாரமே, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, தைராய்டு பார்த்துவிடுங்கள். உங்கள் எடைக்கும் வயதுக்கும் அவை எப்படியும் பார்க்க வேண்டியவைதான். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும், மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். அளவு மாற்றாத மாத்திரையோடு சாப்பாடு குறைந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.